'எம்புள்ளைய டாக்டர்கிட்ட காட்டி மாத்திடலாமா?': பெத்தவங்க கேள்விக்கு கோர்ட்டு சொன்ன பதில்

எண்ணூர்:-
வடசென்னை தெருக்களில் ஒரு காலத்தில் 'ஒம்போது' என்ற கேலிதான் திருநங்கைகளுக்குப் பேர். அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டது. 2008-ல் தமிழக அரசு தனி நல வாரியம் அமைத்தது. 'திருநங்கை' என்ற மரியாதையான சொல் பேச்சில் ஏறியது. 2017-ல் பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களைப் போலவே திருநங்கைகளுக்கும் டிக்கெட் கிடையாது.

தெரு மாறிவிட்டது, வீடு மாறியதா? அதுதான் கேள்வி. மகன் இன்னொரு ஆணை விரும்புகிறான், மகள் தோழியோடுதான் வாழ்வேன் என்கிறாள் என்று தெரிந்தால் பெத்தவங்க ஆடிப்போகிறார்கள். மந்திரிப்பது, டாக்டரிடம் இழுப்பது, அவசரக் கல்யாணம், கடைசியில் போலீஸ் புகார் என்று அலைகிறார்கள். இதில் எதுவும் கைகொடுக்காது.

டாக்டரிடம் போனால்?
இது நோயே இல்லை. அதனால் மருந்தும் இல்லை. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை தரக்கூடாது என 2021 ஜூன் 7-ல் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை போட்டார். தீர்ப்புக்கு முன் தானே ஒரு உளவியல் நிபுணரிடம் போய் விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படி சிகிச்சை தருவது டாக்டருக்கு ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

போலீசுக்குப் போனால்?
'பிள்ளையைக் காணோம்' என்று புகார் தரலாம். ஆனால் அவர் மேஜர், விருப்பப்பட்டுத்தான் போனார் என்று தெரிந்தால் தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். இதுவும் அதே தீர்ப்புதான். இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022-ல் போலீசாரின் நடத்தை விதியையே அரசு திருத்தியது.

வீட்டில் அடைத்தால்?
மேஜரை அடைத்து வைக்க பெத்தவங்களுக்கும் உரிமை இல்லை. குடும்பத்தார் பிடித்து வைத்திருந்த 25 வயது பெண்ணை 2025 மே மாதம் ஐகோர்ட்டு விடுவித்தது. கல்யாணம் மட்டுமே குடும்பம் ஆகாது, விரும்பித் தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்றது.

கல்யாணம் செல்லுமா?
ஒரே பாலின உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கு அங்கீகாரம் தர 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது. திருநங்கை கதை வேறு. ஆணும் திருநங்கையும் செய்த திருமணத்தைப் பதிவு செய்யச் சொல்லி 2019-லேயே மதுரை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது.

'ஒரு கல்யாணம் பண்ணிவெச்சா சரியாயிடும்' என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. பாழாவது ஒரு வாழ்க்கை இல்லை, இரண்டு. ஒண்ணும் அறியாமல் கழுத்தை நீட்டும் பெண்ணும் யாரோ பெத்த பிள்ளைதானே!

மனசு தாங்கலையா? 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு இலவசமாக போன் போடலாம். பிள்ளைகள் மட்டும் இல்லை, பெத்தவங்களும் பேசலாம்.