தெப்பமும் பட்ட மரமும்

மழையை நம்பிய கண்மாயும், படித்துறை கட்டிய ஊருணியும், கற்பக விநாயகர் கோயில் திருக்குளமுமே நீர்நிலை என்று கண்டு வளர்ந்த பிள்ளையார்பட்டிக்காரர் ஒருவர், மதுரை, தேனி, கம்பம் வழியாகக் குமுளி மலையேறித் தேக்கடியை அடைந்து, சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் பெரியாற்று ஏரியில் மூங்கில் தெப்பமொன்றில் அமர்வாரானால், முதலில் அவருக்கு உண்டாவது ஆனந்தமன்று, அச்சமே. தெப்பத்திற்குப் பக்கச் சுவர் கிடையாது. கழிகளின் இடுக்கு வழியே ஜலம் மேலே எட்டிப் பார்க்கும். ஆயுதம் தாங்கிய வனக்காவலர் ஒருவரும் உடன் ஏறுவார்.

அஞ்ச வேண்டியதில்லை. மூங்கிலின் ஒவ்வொரு கணுவிலும் குறுக்கே ஒரு தடுப்பு உண்டாதலால், ஒரு கழி என்பது உண்மையில் தனித்தனியே வாய் மூடிய பல காற்றறைகளின் வரிசை; ஓரறையில் விரிசல் விழுந்து நீர் புகுந்தாலும் மற்றவை மிதந்துகொண்டேயிருக்கும். ஒருவர் ஓரத்திற்கு நகரும்போது அப்பக்கம் தாழ்ந்து அதிக நீரை விலக்குகிறது. விலக்கப்பட்ட நீரின் எடைக்குச் சமமான விசை அப்பக்கத்தையே மேல்நோக்கி உந்துவதால், அகன்ற தெப்பம் தானே சமநிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஒடுங்கிய ஓடத்திற்கு இந்தத் தயவு இல்லை. அது வேகமாகச் செல்லும், எளிதில் கவிழும். தெப்பமோ மழுங்கிய முகத்தால் நீரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருப்பதால் நிதானமாகத்தான் நகரும். காட்டைப் பார்க்க வந்தவனுக்கு அது குறையன்று.

துடுப்புப் போட்டு வழிகாட்டுவோரில், முன்பு இதே காட்டில் களவாக வேட்டையாடியும் வயணம் என்னும் காட்டு இலவங்கப்பட்டையை உரித்தும் பிழைத்து, பின்னர் வனத்துறையின் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தால் காவல் பணிக்குத் திரும்பியவர்கள் உண்டு. காட்டெருமை எந்தக் கரையில் இறங்கும் என்று கேட்பதற்கு இவர்களைவிடத் தக்க ஆசிரியர் யார்?

இனி ஏரிக்குள் நிற்கும் பட்ட மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறியாளர் கர்னல் பென்னிகுயிக் பெரியாற்றின் குறுக்கே கட்டிய அணை 1895-இல் எழும்பியபோது, பெரியாறும் அதன் கிளையாறுகளும் ஓடிய பள்ளத்தாக்குகளில் நீர் ஏறிற்று. ஏரி இன்று பல கைகளாகக் கிளைத்துக் கிடப்பது அதனாலேதான். அங்கே நின்ற விருட்சங்கள் நின்றபடியே மூழ்கிச் செத்தன. வேர்களும் சுவாசிக்க வேண்டியவை; நீர் தேங்கிய மண்ணில் பிராணவாயு கிட்டாமல் அவை மடிந்தன. ஆயினும் நூறாண்டுக்கு மேலாகியும் அவற்றில் பல, கரிய கட்டைகளாக இன்றும் நீருக்கு மேலே தலை நீட்டி நிற்கின்றன. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நீருக்கு அடியிலுள்ள பகுதியில் மரத்தின் நுண்ணறைகளெல்லாம் நீரால் நிரம்பிவிடுவதால் அங்கே காற்றில்லை. வெயிலில் காயும் உச்சியில் போதிய ஈரமில்லை. வேரைக் கொன்ற அதே காற்றின்மை, அடிமரத்தைக் காத்து வருகிறது என்றால் விநோதமாகத்தான் இருக்கிறது. கிணற்றுக்குள் நெல்லிக் கட்டை இறக்கும் நம் ஊரார் இதை அனுபவத்தால் அறிவர்; வெனிஸ் நகரத்து மாளிகைகள் நிற்பதும் சேற்றில் அறைந்த மரத் தூண்களின்மீதுதான்.

அத்தகைய கட்டையொன்றின்மீது பாம்புத்தாரா இறக்கைகளை அகல விரித்து நிற்பதைத் தெப்பத்தின் அருகிலிருந்தே காணலாம். கழுத்தை மட்டும் நீருக்கு மேலே நீட்டி, உடல் முழுவதும் மூழ்க நீந்தும் பறவை அது. வாத்தின் இறகு நீரை ஒட்டவிடாமல் காற்றைச் சிறைப்பிடித்துக்கொள்ளும். பாம்புத்தாராவின் இறகோ நனைந்து காற்றை வெளியேற்றிவிடுவதால் மிதக்கும் தன்மை குறைந்து, அது முயற்சியின்றி அடியில் இறங்கி மீனைக் குத்த முடிகிறது. தெப்பத்தைத் தாங்கும் காற்றே இப்பறவையின் வேட்டைக்கு இடைஞ்சல்! அதற்குரிய விலை, மூழ்கி வேட்டையாடிய பின் இப்படி நின்று உலர்வது. அதன் உறவினமான நீர்க்காகத்துக்கும் இவ்வழக்கம் உண்டு. திருப்பத்தூருக்கு அருகே, 1977-இல் சரணாலயமான வேட்டங்குடிக் கண்மாய்களில், பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத அந்த ஊரிலேயே, நம் பிள்ளையார்பட்டிக்காரர் அது இறக்கை உலர்த்துவதைப் பார்த்திருக்கக் கூடும்.

கட்டைகளுக்கு ஆபத்தான இடம், நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்த நடுப்பகுதி. ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பது அங்கேதான். உளுப்பும் அங்கேதான் விரைவு. அம்மட்டத்தையோ மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, வைகையோடு கலந்து, மதுரை, மேலூர் வயல்களைக் கடந்து, சிவகங்கைச் சீமையின் ஒரு பகுதிவரை வருகிறது. அந்நீர் வரும் சீல்டு கால்வாயிலும் லெஸ்ஸிஸ் கால்வாயிலும் தண்ணீர் விடுங்கள் என்று நம் சிவகங்கை மாவட்டத்து விவசாயிகள் ஆண்டுதோறும் கேட்கும் கோரிக்கைக்கும், தேக்கடியில் ஒரு பட்ட மரத்தின் எத்தனை அடி இவ்வாண்டு காற்றில் படும் என்பதற்கும் சம்பந்தம் உண்டு.