பரிசுக்காகப் போட்டியிடும் செயல்கள்

ஒரு செயலைத் தொடர்ந்து வரும் பயன், அச்செயலை மீண்டும் செய்யத் தூண்டுமாயின் அதனை உளவியலார் வலுவூட்டல் என்பர். அப்பயன் எப்போது, எத்தனை முறைக்கு ஒரு தடவை கிடைக்கும் என்ற ஏற்பாடே வலுவூட்டல் அட்டவணை. அட்டவணை மாறினால் நடத்தையும் மாறும் என்பது பழைய செய்தி. எவ்வளவு மாறும் என்பதோ, அவ்வுயிர் அதே நேரத்தில் வேறு என்னென்ன செய்யக்கூடும் என்பதையும் பொறுத்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், புறாக்களின் முன் இரு பொத்தான்கள் வைக்கப்பட்டன. எதைக் கொத்தினாலும், முன்கூட்டி அறிய முடியாத இடைவெளிகளில் தானியம் கிடைத்தது. ஒரு பொத்தானைவிட்டு மற்றதற்குத் தாவியதும் ஒன்றரை நொடிக்கு எந்தக் கொத்துக்கும் பரிசில்லை. இந்தத் தடை இல்லாவிடில், தாவுவதையே பரிசுக்குரிய செயலாகப் புறா கற்றுவிடக்கூடும். மொத்தப் பரிசில் முக்கால் பங்கு ஒரு பொத்தானில் கிடைத்தால், கொத்துதலிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு அதற்கே சென்றது. இதுவே பொருத்த விதி எனப்படுகிறது.

பொத்தான் ஒன்றே இருந்தாலும் போட்டி ஓய்வதில்லை என்று 1970-இல் அவர் வாதிட்டார். இறகு கோதுவதும் சுற்றிப் பார்ப்பதும் தமக்கே உரிய சிறு பயன்களைத் தருவதால், தானியம் இருமடங்கானாலும் கொத்துதல் இருமடங்காவதில்லை. சில வேளைகளில் போட்டிச் செயலை அட்டவணையே உருவாக்கிவிடுகிறது: ஜான் ஃபால்க் 1961-இல் ஆராய்ந்த எலிகளுக்குச் சராசரியாக நிமிடத்திற்கு ஒரு முறை சிறு உணவுத் துண்டு கிடைத்துவந்தபோது, தாகத்திற்கு உள்ளாக்கப்படாத அவை சுமார் மூன்று மணி நேரத்தில் தம் உடல் எடையில் பாதியளவு நீரைக் குடித்துத் தீர்த்தன.

இவற்றினும் வியப்பானது ஜான் நெவினும் உடனாய்வாளரும் 1990-இல் கண்டது. இரு நிற விளக்குகளுள் ஒன்று எரிகையில் மட்டும், கொத்துதலுக்குரிய தானியத்தோடு கொத்தாமலே கிடைக்கும் தானியமும் புறாக்களுக்கு வழங்கப்பட்டது. எதிர்பார்த்தபடியே கொத்துதல் குறைந்தது. ஆனால் பரிசு அடியோடு நிறுத்தப்பட்டபோது, அந்த விளக்கின்கீழ்தான் கொத்துதல் பிடிவாதமாக நீடித்தது. போட்டிப் பரிசு ஒரு செயலின் வேகத்தைக் குறைத்தாலும், அச்சூழலோடு அதற்குள்ள பிணைப்பை இறுக்குகிறது என்பதே நெவினின் விளக்கம்.

குழந்தைகளின் தீங்கான பழக்கத்தை மாற்ற, அதே இடத்தில் வேறொரு நற்செயலுக்குப் பரிசளிக்கும் முறை பரவலாக உள்ளது. நெவினின் முடிவை நோக்கினால், அம்முறையில் பழக்கம் விரைவில் தணிவதை மட்டும் வெற்றியாகக் கொள்ளாமல், பரிசு நின்றபின் நிகழ்வதையும் அளந்தாக வேண்டும். மாற்றுச் செயலை முதலில் வேறொரு சூழலில் பயிற்றுவிப்பது மேலும் பாதுகாப்பானது.