ஸ்கோல்: மண்டையோடா, கிண்ணமா?

நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன 'சாந்தே'வுக்கு அர்த்தம் ஆரோக்கியம். காலாப்பட்டிலிருந்து கடலோரமாகவே தெற்கே போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை அங்கிருந்த டேனிஷ்காரர் மொழியில் கோப்பையை உயர்த்திச் சொல்வது 'ஸ்கோல்'.

இதைச் சொன்னதும் யாராவது, "வைக்கிங்குகள் எதிரியோட மண்டையோட்டுல குடிச்சாங்களே, அதுதான்" என்று ஆரம்பித்துவிடுவார். கதை சுவையாத்தான் இருக்கு. ஆனா பழைய நார்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கிண்ணம் என்றுதான் பொருள். அவ்வளவுதான்.

மண்டையோடு எப்படி வந்தது? 1636இல் டேனிஷ் அறிஞர் ஓலே வோர்ம் ஒரு பழைய பாட்டை லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். மது குடிக்கும் மாட்டுக்கொம்பை அந்தப் பாட்டு நேராகச் சொல்லாமல், தலையில் வளைந்து முளைத்த மரம் என்று விடுகதை போலச் சொல்கிறது. லத்தீனில் அது, கொன்று போட்டவர்களின் மண்டையோடு ஆகிவிட்டது! ஐரோப்பா முழுக்க அதையே நம்பியது.

நமக்கு இந்தக் குழப்பம் புதுசில்லை. வடமொழிக் 'கபாலம்' ஓட்டையும் குறிக்கும், மண்டையோட்டையும் குறிக்கும். புறநானூற்றில் பாரியின் பறம்புமலையைப் பாடும் கபிலர், பாணர்களின் மண்டை நிறையக் கள் வார்க்கும் காட்சியைக் காட்டுகிறார். அங்கே மண்டை என்பது அவர்கள் கையிலிருந்த கலம். இன்றைய அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தர் அதை லத்தீனில் பெயர்த்தால் பாரியின் நிலைமை என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.