ஸ்லோவில் ஏன் குலுங்குகிறது லாரி?

நாகர்கோவிலில் லோடு ஏற்றிக்கொண்டு களியக்காவிளை நோக்கிப் போகும் பழைய லாரிக்கு மேடும் பள்ளமும்தான் சாலை. தக்கலை தாண்டினால் இழுவை இல்லை; நின்றால் வண்டியே நடுங்குகிறது. உடனே "டீசல் பம்பைக் கழற்றணும்" என்பார்கள். பொறுங்கள், அது செலவின் கடைசிப் படி.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. ஆறு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும், வேகத்தில் ஃப்ளைவீல் அதை மறைத்துவிடும். ஸ்லோவில் மறைக்க முடியாது, அதனால்தான் குலுக்கல்.

முதலில் பார்க்க வேண்டியது டீசல் பில்டர், ஏர் பில்டர். பிறகு டாங்கிலிருந்து வரும் குழாய். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே புகும்! கண்ணாடி போன்ற டியூப் துண்டை இடையில் மாட்டினால் குமிழி தெரிந்துவிடும்.

அதுவும் சரியென்றால், எஞ்சின் ஓடும்போது டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப்பின் நட்டையும் சற்றே தளர்த்துங்கள். சத்தம் மாறாத சிலிண்டர்தான் குற்றவாளி. அதன் நாசிலை இன்னொன்றில் மாற்றிப் பொருத்துங்கள்: கோளாறு கூடவே போனால் நாசில், அங்கேயே நின்றால் வால்வோ, கம்ப்ரஷனோ, பம்போ.

எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் மட்டும் அந்த நட்டைத் தொடாதீர்கள். லாரி டயரில் சுமார் 8 பார் அழுத்தம். காமன் ரெயிலில் அது 1,000 பாருக்கு மேலும் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். அதற்கு ஸ்கேனர்தான் வழி.