ஆரலுக்கு முதலில் மணல்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆறிவிடும். நீங்கள் கேட்டது ஒரு வரிக் கேள்விதான். பதில் கொஞ்சம் நீளும். குராமியும் ஏஞ்சலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியில் ஒரு சின்ன ஈல் விடலாமா என்கிறீர்கள். விடலாம். ஆனால் ஆசைப்பட்டு வாங்குகிற பலர் வீட்டில் அது நிலைப்பதில்லை. மற்ற மீன்கள் கடித்துச் சாவது அபூர்வம். பட்டினியில் சாகும், இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டியை விட்டு வெளியேறி, காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும். அது இருட்டில், அடிமணலில் பிழைக்கிற பிராணி. நாம் தொட்டி வைப்பதோ பகல் வெளிச்சத்தில் நடுத்தண்ணீரில் நீந்துகிற மீனுக்காக. தொட்டியை ஆரலுக்காக அமைத்துவிட்டு மற்ற மீன்களை அதற்கேற்பத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆமாம், ஆரல்தான். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 'பீக்காக் ஈல்', 'ஃபயர் ஈல்' என்று விற்கிறார்களே, அவையெல்லாம் நம் வயல்வாய்க்கால் ஆரலின் சொந்தக்காரர்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பழமொழியில் வருகிற விலாங்கு வேறு ஜாதி. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். ஒரு மீட்டரையும் தாண்டி வளரும். அதை வீட்டுத் தொட்டியில் அடைப்பது நமக்கும் அதற்கும் தண்டனை. ஆரல் முழுக்க முழுக்க ஆறு, குளம், வயல் தண்ணீரிலேயே வாழ்கிற மீன். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். நம் ஊர் ஆரலுக்கு விஞ்ஞானப் பெயரே மாக்ரோக்னாதஸ் ஆரல்தான். தரங்கம்பாடியில் பிடித்த மீனை வைத்து, ப்ளாக், ஷ்னைடர் என்ற ஜெர்மானியர்களின் 1801ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஏறிய பெயர் அது.

எந்த ஆரலை வாங்குவது என்பதில்தான் முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. கடையில் எல்லாமே விரல் நீளத்தில்தான் இருக்கும். உடம்பில் சிவப்புக் கோடு ஓடுகிற ஃபயர் ஈல் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அது ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது. டயர் தடம் பதிந்த மாதிரி வரிகள் உள்ள 'டயர் டிராக் ஈல்' இரண்டடியைத் தாண்டும். நம் ஆற்றுக் கல்லாரலும் அப்படிப் பெரிய உருப்படிதான். வீட்டுக்கு ஏற்றது பீக்காக் ஈல். தென்கிழக்கு ஆசிய மீன், வால் பக்கம் முதுகுத் துடுப்பின் அடியில் மயில் கண் மாதிரிப் புள்ளிகள் இருக்கும், ஓர் அடிக்குள் அடங்கிவிடும். அதைவிடச் சின்னது வேண்டுமென்றால் மாக்ரோக்னாதஸ் பான்கலஸ். கங்கைச் சமவெளி மீன், ஹாமில்டன் 1822இல் விவரித்தது, ஏழு அங்குலத்துக்கு மேல் போவது அரிது. பகட்டான நிறம் கிடையாது. கலப்புத் தொட்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

உங்களுடையது இரண்டடித் தொட்டியா? இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட 56 லிட்டர். பான்கலஸ் குஞ்சைக் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதுதான் சரியான ஆரம்பம். உயரத்தைவிட அடிப்பரப்பு முக்கியம். ஆரல் ஏறி நீந்துகிற நேரம் குறைவு.

அடிப்பரப்பில் என்ன போடுகிறோம் என்பதுதான் விஷயமே. கடைக்காரர் கொடுக்கிற நீலம், பச்சைக் கூழாங்கற்களைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஆரல் பயந்தாலும் தூக்கம் வந்தாலும் மணலுக்குள் போகும். உடம்பை நெளித்து நெளித்து இறங்குகிற வேகம் பார்க்கவேண்டிய ஒன்று. இரண்டு நொடிதான், ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உற்றுப்பார்த்தால் மணல்மட்டத்தில் ஒரு கூர்மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கு சதையால் ஆனது, குட்டித் தும்பிக்கை மாதிரி தனியாக அசையும். நுனியின் இரண்டு பக்கமும் குழாய் போல இரண்டு நாசித் துளைகள். மேலே புழு விழுந்த வாசனை வந்ததும் அந்த நுனி இடமும் வலமும் துழாவும். பிறகு கண்கள் வெளியே வரும், பிறகு அரை உடம்பு. இப்படிப்பட்ட மீனைக் கல் மேல் விட்டால் இறங்கப் பார்த்து உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். தேய்ந்த இடத்தில் கிருமி தொற்றிப் புண் வரும்.

மணல் என்றதும் வீட்டு வேலைக்கு இறக்கிய எம்-சாண்டை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அது பாறையை உடைத்துச் செய்தது, ஒவ்வொரு துகளுக்கும் விளிம்பு உண்டு. கடற்கரை மணலும் ஆகாது, உப்பும் சிப்பித்தூளும் கலந்திருக்கும். உருண்டையான, மெல்லிய ஆற்று மணல் கிடைத்தால் சலித்துப் போடலாம். கிடைக்காவிட்டால் தண்ணீர் வடிகட்டுகிறவர்கள் போடுகிற ஃபில்டர் சாண்ட். உள்ளங்கையில் வைத்து மற்ற கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், குத்தக்கூடாது. கொஞ்சத்தை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கக்கூடாது; நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அலசுகிற தண்ணீர் தெளியும்வரை அலசி, இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். கல்லுக்கு அடியில் வைக்கிற பிளாஸ்டிக் தட்டு ஃபில்டரை எடுத்துவிட வேண்டும். மணல் அதை அடைத்துவிடும், ஆரல் தட்டுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஸ்பாஞ்ச் ஃபில்டரோ வெளியே தொங்குகிற ஃபில்டரோ போதும். பின்னதாக இருந்தால் உறிஞ்சும் குழாய் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். செடியை மணலில் நட்டால் காலையில் மிதக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மரக்கட்டையில் கட்டிவிடலாம். பிவிசி குழாய்த் துண்டு இரண்டு போட்டால் அதுவே அதன் வீடு.

மூடியைப் பற்றி ஒன்றே ஒன்று. பென்சில் நுழைகிற இடத்தில் குட்டி ஆரல் நுழையும். ஃபில்டர் ஒயரும் காற்றுக் குழாயும் உள்ளே போகிற ஓட்டைதான் அது வெளியே வருகிற வாசல். அதில் ஸ்பாஞ்சை வெட்டித் திணியுங்கள், இன்றைக்கே, மீன் வருவதற்கு முன்பே.

இனி சாப்பாடு. பீக்காக் ஈலை வாங்கிப் போய், மற்ற மீன்களுக்குப் போடுகிற மிதக்கும் தீவனத்தையே போட்டு, "அதுவும் சாப்பிடும்" என்று இருப்பவர்கள்தான் அதிகம். சாப்பிடாது. தீவனம் மேலே மிதக்கிறது, ஆரல் கீழே படுத்திருக்கிறது. தப்பித் தவறி அடிக்கு வருகிற துணுக்கைக் குராமி முடித்துவிடும். பட்டினி கிடக்கிற ஆரல் உடனே சாகாது, அதுதான் நம்மை ஏமாற்றுவது. வாரக்கணக்கில் மெலியும். தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கி வயிறு உள்ளே இழுத்திருந்தால் அது பசியின் அடையாளம். நாமோ ஈல் என்றாலே ஒல்லிதானே என்று நினைத்துக்கொள்வோம்.

அதற்கு உயிருள்ள சாப்பாடு வேண்டும், அல்லது உயிர் போய் அதிக நேரம் ஆகாதது. மண்புழுவுக்கு மிஞ்சியது இல்லை. பூச்சிமருந்து படாத தோட்டத்து மண்ணில் எடுத்து, கழுவி, குட்டி மீனாக இருந்தால் நறுக்கிப் போடலாம். உரக்கூடத்தில் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஐசினியா ஃபெட்டிடா என்கிற சிவப்புப் புழு, தொந்தரவு செய்தால் மஞ்சளாக, வாடையடிக்கிற நீரைக் கக்கும். பல மீன்கள் வாயில் வைத்ததும் துப்பிவிடும். ஆப்பிரிக்க மண்புழு என்று விற்கிற பெரிய ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையில் கிடைக்கிற உறைந்த பிளட் வோர்ம் கட்டிகளும் நல்லவை. தொட்டித் தண்ணீரிலேயே கரையவிட்டுப் போடவேண்டும். மார்க்கெட்டில் வாங்குகிற இறாலை உப்பு போடாமல், பச்சையாகப் பொடியாக நறுக்கியும் கொடுக்கலாம். டியூபிஃபெக்ஸ் புழுவை ஆசையாகச் சாப்பிடும். ஆனால் அது சாக்கடைச் சேற்றில் விளைவது, நோயோடு வரும். நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

போடுகிற விதம்தான் சூட்சுமம். அரையங்குல எலக்ட்ரிக்கல் பைப்பை, தொட்டி உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு மூலையில் மற்ற மீன்களுக்கு வயிறாரத் தீவனம் போடுங்கள். விளக்கை அணையுங்கள். அரைமணி நேரம் கழித்து, ஆரல் படுத்திருக்கிற பக்கம் பைப்பை மணல் தொடுகிறவரை இறக்கி, மேலிருந்து புழுவை விடுங்கள். நேராக அதன் மூக்கடியில் போய் இறங்கும். வழியில் யாரும் பங்கு கேட்க முடியாது. சில வாரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இப்படிப் போட்டு வந்தால் பைப் இறங்கும்போதே வந்து நிற்கும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரத்தில் நான்கைந்து நாள். புதிதாக வந்தது முதல் சில நாள் எதையும் தொடாது. அதற்காகப் பயந்து நிறையக் கொட்டினால் மிச்சம் அழுகித் தண்ணீர்தான் கெடும்.

கூட்டாளிகள் யார்? உங்கள் குராமி, ஏஞ்சல் இரண்டும் சரி. ரெயின்போ மீனும் சரி. ஆரலின் வாய் சின்னது, பெரிய மீனை அது சீண்டாது. வாய்க்குள் போகிற அளவில் இருப்பதை மட்டும் இருட்டில் முடித்துவிடும். கப்பிக் குஞ்சும் குட்டி இறாலும் கணக்கில் இருக்காது. அது குற்றமில்லை, நீங்கள் போட்ட சாப்பாடு என்று அது நினைத்திருக்கும். டைகர் பார்ப் வாலைக் கொறிக்கும், வேண்டாம். ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர் பேச்சே எடுக்காதீர்கள். கண்ணாடி சுத்தம் செய்யும் என்று தலையில் கட்டுகிறார்களே சக்கர் மீன், அதுவும் வேண்டாம். ஓர் அடிக்கு மேல் வளரும். ராத்திரியில் அசையாமல் கிடக்கிற மீனின் மேல் ஒட்டி உடம்பு வழுவழுப்பைச் சுரண்டித் தின்கிற பழக்கமும் அதற்கு வரும்.

அந்த வழுவழுப்பு ஆரலுக்குச் சட்டை. கிராமத்தில் ஆரல் ஆய்கிறவர்கள் சாம்பலைப் போட்டுத் தேய்ப்பது அதை எடுக்கத்தான். செதில்கள் மிகச் சிறியவை. தண்ணீரில் எதைக் கலந்தாலும் அதற்கு மற்ற மீன்களைவிட முன்னால் உறைக்கும். தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் பாட்டிலில் எழுதியிருக்கிற அளவில் மருந்தை ஊற்றிவிடாதீர்கள். காப்பரும் மாலகைட் கிரீனும் கலந்தவை முழு அளவில் ஆரலைக் கொன்றுவிடக்கூடும். ஆரலைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் கவனிப்பதே உசிதம். முடியாதபோது பாதி அளவில் தொடங்கி, கூடவே காற்று பம்ப்பைக் கூட்டுங்கள். புதுத் தொட்டியில் முதல் மீனாக ஆரலை விடுவதும் கூடாது. ஃபில்டரில் நல்ல பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மெட்ரோ தண்ணீராக இருந்தால் ஆன்டி குளோரின் விட்டு, வாரத்துக்குக் கால் பங்கு மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் ஹீட்டர் தேவைப்படுகிற நாள் குறைவு. மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் அதில் காற்று குறைந்துவிடும். மூடியின் ஒரு பகுதிக்குக் கொசுவலை அடித்து, அதன் மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

பிடிக்கவேண்டி வந்தால் வலை வேண்டாம், முதுகு முள் வலையில் மாட்டிக்கொள்ளும். குழாய்த் துண்டுக்குள் அது இருக்கும்போது இரண்டு வாயையும் கையால் பொத்தி, குழாயோடு தூக்கிவிடலாம். முள்ளில் விஷம் கிடையாது, ஆனாலும் குத்தும். அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதென்று ஏரியிலோ கிணற்றிலோ விடவே கூடாது. பீக்காக் ஈல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கால்வாய்களில் இன்றைக்குக் குடும்பம் குடும்பமாக இருக்கிறது. அது அங்கே தானாகப் போன மீன் இல்லை. பெரிதான மீனைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் இருப்பவை பெரும்பாலும் காட்டுத் தண்ணீரில் பிடித்தவை. வீட்டில் குஞ்சு பொரிப்பது அரிது. அதனால் பிடித்து, அனுப்பி, அடைத்து வைத்த களைப்போடுதான் வரும். மேலே மிதந்துகொண்டு மூச்சு வாங்குவதை விட்டுவிடுங்கள். மூக்கு நுனி தேய்ந்திருக்கிறதா, உடம்பில் சிவப்புத் தடம் இருக்கிறதா, முதுகு கத்தி மாதிரி ஒடுங்கியிருக்கிறதா பாருங்கள். பிறகு ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள்: "அண்ணே, ஒரு புழு போட்டுக் காட்டுங்க." முகம் சுளித்தாலும் போடுவார். மூக்கைத் துழாவிக்கொண்டு எது முதலில் வருகிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் அந்த வாரம் மணல் மட்டும் வாங்கி வாருங்கள்.