எழுபத்து மூன்று

செங்கோட்டைக்கு அருகே உள்ள வல்லத்தில் 1901இல் பிறந்தவர் எஸ்.எஸ். பிள்ளை. ராமானுஜன் அளவுக்கு இவர் பெயர் நம் காதுகளில் விழுந்ததில்லை. அது நம் குறைதான். சென்னையில் இவரைக் கணித ஆராய்ச்சிக்கு இழுத்தவர்களில் ஒருவர், கேம்பிரிட்ஜில் கணிதர் ஹார்டியிடம் பயின்று திரும்பிய ஆனந்த ராவ்.

1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. சிதம்பரத்தில் இருந்தபடியே உலகக் கணிதர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்த ஒரு கணக்கில் கைவைத்தார்.

1770இல் வாரிங் என்ற ஆங்கிலேயர் கிளப்பிவிட்ட கணக்கு அது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம். 7 என்றால் 4+1+1+1. கனங்களுக்கு ஒன்பது தேவைப்படும். 23ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு எட்டு, ஏழு ஒன்று, ஆக ஒன்பது. இதற்குக் குறைத்து யாராலும் எழுத முடியாது. சரி, ஆறாம் படிகளுக்கு எத்தனை? 73 என்று பிள்ளை 1940இல் நிறுவினார். அதற்கு முன்பே, 1936 வாக்கில், பெரும்பாலான படிகளுக்கு விடை சொல்லும் வழியையும் கண்டிருந்தார். அமெரிக்காவில் டிக்சன் என்ற கணிதரும் அதே சமயம், தனியாக, அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

பிறகு திருவிதாங்கூர், கல்கத்தா என்று வேலை மாறியது. பிரின்ஸ்டனிலிருந்து ஓராண்டு ஆய்வுக்கு அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார்.

1950 ஆகஸ்ட் 31. கெய்ரோ அருகே விமானம் விழுந்தது. அவருக்கு வயது 49.