அலை எழுதும் கணக்கு - 14
பெருக்காமல் திருப்பிய மனிதர்

ஐ, க்யூ என்ற இரண்டு எண்களும் சேர்ந்தால் ஓர் அம்பு. கேரியர் அலையின் கோணத்துக்கு அந்த அம்பைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் டிஜிட்டல் மாடுலேட்டரின் வேலை. சென்ற இதழில் அதுவரை வந்திருந்தோம். இந்த வாரம் ஃபில்டர் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் 1956-ல் ஒருவர் செய்த காரியம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. நான்கு நாளாக வேறெதுவும் ஓடவில்லை.

அம்பை ஒரு தடவை திருப்ப நான்கு பெருக்கல் வேண்டும். விநாடிக்குப் பத்துக் கோடி சாம்பிள் என்றால் நாற்பது கோடிப் பெருக்கல். 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்க, உள்ளே 256 பிட் பெருக்கங்களைக் கூட்டியாக வேண்டும். சிப்பில் இடம் போகிறது, மின்சாரம் போகிறது. சைன், கொசைன் அட்டவணைக்கு மெமரி வேறு.

ஜாக் வோல்டர், அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் கான்வேர் விமானக் கம்பெனிப் பொறியாளர். பி-58 குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டிக் கணினிக்காக அவர் தேடியதும் இதற்கான விடைதான். கிடைத்த இடம் ஆச்சரியமானது: வேதியியல், இயற்பியல் கையேடு ஒன்றின் 1946 பதிப்பில் இருந்த திரிகோணமிதிச் சூத்திரம். டேன் மதிப்பு 1, 1/2, 1/4, 1/8 என்று பாதி பாதியாகக் குறையும் கோணங்களில் மட்டும் திருப்பினால், பெருக்கல் வெறும் பாதியாக்கல் ஆகிவிடுகிறது. பைனரியில் பாதியாக்க எண்ணை ஓர் இடம் வலப்பக்கம் தள்ளினால் போதும். சிப்பில் அது கம்பியைத் தள்ளி இணைக்கும் வேலை மட்டுமே.

நோட்டை எடுத்து 30 பாகையைப் போட்டுப் பார்த்தேன். முதலில் 45. அதிகம்; 26.57 பின்னால் வா: 18.43. போதாது, 14.04 முன்னால்: 32.47. பிறகு 7.13 கழித்தால் 25.35, 3.58 கூட்டினால் 28.92, 1.79 கூட்டினால் 30.71, 0.90 கழித்தால் 29.82. ஏழே படியில் பக்கத்தில் வந்துவிட்டது! தராசில் எல்லா எடைக்கல்லையும் வைத்தே தீர வேண்டும், எந்தத் தட்டில் என்பது மட்டும் நம் கையில். அப்படித்தான் இது. ஒவ்வொரு படியிலும் அம்பு கொஞ்சம் நீளும். ஆனால் எந்தக் கோணமானாலும் மொத்த நீட்சி 1.647 மடங்குதான். ஆகவே முன்கூட்டியே ஒரே தடவை சரிசெய்துகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1959-ல் கார்டிக் என்ற பெயரில் இதை வோல்டர் வெளியிட்டார். 1972-ல் 395 டாலருக்கு வந்த எச்பி-35 பாக்கெட் கால்குலேட்டர் சைன், கொசைன் போட்டதும் இந்த வழியில்தான்.

பெருக்கிகள் தயாராகவே பொதிந்து வரும் இன்றைய எஃப்பிஜிஏ சிப்களில் எப்போதும் கார்டிக்தான் மலிவு என்று சொல்ல மாட்டேன். படிக்கு ஒரு பிட் வீதம்தான் துல்லியம் கூடும், படிகள் நீண்டால் தாமதமும் கூடும். பெருக்கிகளைத் தனியாகக் கட்ட வேண்டிய சிறிய சிப்பில் இதற்கு இன்றும் மதிப்பு குறையவில்லை.

ஃபில்டர் அடுத்த வாரம். 1981-ல் ஹோகனாவர் எழுதிய அந்த ஃபில்டரிலும் பெருக்கல் கிடையாது. அதற்குள் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, இதே ஏழு கோணங்களை வைத்து 50 பாகையைப் போட்டுப் பாருங்கள். ஏழாவது படியில் 49.5 வர வேண்டும்.